குழலின் முறுக்கும் குண்டின் நீளமும்

1873 இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஸ்பிரிங்ஃபீல்டு ரைஃபிளின் குண்டு 405 கிரெய்ன் எடை கொண்டது. ஏறக்குறைய 26 கிராம் ஈயம். அந்தக் குழலின் உட்சுவரில் வெட்டியிருந்த சுருள் பள்ளம் 22 அங்குல ஓட்டத்தில் ஒரே ஒரு முறைதான் முழுச்சுற்றுச் சுற்றியது. இன்று .223 ரெமிங்டன் தோட்டாவில் 77 கிரெய்ன் குண்டை, அதாவது வெறும் 5 கிராமை, சுட விரும்புகிறவர் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று தரும் குழலைத் தேடி வாங்குகிறார். ஐந்தில் ஒரு பங்கு எடைகூட இல்லாத குண்டுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு இறுக்கமான முறுக்கு. துப்பாக்கிக் கடைகளிலும் வேட்டை இதழ்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் விதியோ இதற்கு நேர்மாறானது: கனமான குண்டுக்கு இறுக்கமான முறுக்கு, லேசான குண்டுக்குத் தளர்ந்த முறுக்கு. ஒரே விட்டமுள்ள குண்டுகளைத்தான் ஒப்பிட வேண்டும் என்று விதியின் தரப்பில் உடனே மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். ஆனால் விட்டத்தைக் கட்டிவைத்த பிறகும் அந்த விதி ஏன் சில இடங்களில் பலிக்கிறது, ஏன் சில இடங்களில் கைவிடுகிறது என்பதைப் பார்த்தால், முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் எடையே அல்ல, நீளம்தான் என்பது தெளிவாகும். எடை விதி நீளத்தின் நிழல். ஈயம் ஒன்றே வேட்டைக் குண்டாக இருந்தவரை நிழலைப் பார்த்து நடந்தாலும் ஊர் போய்ச் சேர முடிந்தது, இப்போது முடிவதில்லை.

இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. ஆகவே இந்தக் கணக்கு இன்று பெரும்பாலும் அமெரிக்க, கனடிய, ஸ்காண்டிநேவிய வேட்டைக்காரர்களுடையது. என்றாலும் வேட்டை நூல்களைப் படித்த தமிழ் வாசகருக்குப் பழகிய இரண்டு துப்பாக்கிகளே முதல் சாட்சியாக வரலாம். தென்னிந்தியக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சனின் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். அதன் குண்டு 300 கிரெய்ன். அந்தத் தோட்டாவுக்குரிய முறுக்கு 14 அங்குலம். ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி என்பது 7 மி.மீ. மௌசர் தோட்டாவின் ஆங்கிலேயப் பெயர். அந்தத் தோட்டாவின் ராணுவக் குண்டு 173 கிரெய்ன். ராணுவக் குழல்களின் முறுக்கு 220 மி.மீ., அதாவது 9 அங்குலத்துக்கும் குறைவு. கனத்தில் பாதியைச் சற்றே தாண்டிய மெல்லிய நீளக் குண்டு, பருத்த குண்டைவிட இறுக்கமான முறுக்கைக் கேட்கிறது.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. பறக்கும் குண்டின் மேல் காற்றின் எதிர்ப்பு ஒருசேரச் செயல்படும் புள்ளி மூக்கின் பக்கம் அமைகிறது. குண்டின் எடை மையமோ அதற்குப் பின்னால் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் நெம்புகோலாகி, குண்டைக் குப்புறப் புரட்டப் பார்க்கிறது. சுழற்சி ஒன்றுதான் அதைத் தடுக்கிறது. வேகமாகச் சுழலும் பம்பரம் அசையாமல் நின்று தூங்குவதும், வேகம் போதாதபோது தலையாட்டிச் சாய்வதும் இதே விதிப்படிதான். குண்டு நீண்டால் இரண்டு கேடு ஒன்றாக வருகிறது: புரட்டும் நெம்புகோல் நீள்கிறது, அதோடு, அச்சைச் சுற்றிய சுழற்சியின் வலுவைக் காட்டிலும் குறுக்கே புரளும் போக்கு மிக வேகமாகக் கூடுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குண்டின் முன்னோக்கிய வேகம் காற்றில் விரைந்து தேய்கிறது, சுழற்சி மெதுவாகத்தான் தேய்கிறது. ஆகவே வேட்டைத் தூரங்களில் குண்டின் நிலைப்பு போகப்போகக் கூடுமே தவிரக் குறையாது. மிக ஆபத்தான இடம் குழல்வாய்தான். அங்கே நிற்காத குண்டு, 25 கெஜத்தில் வைத்த காகிதத்திலேயே வட்டத் துளைக்குப் பதில் நீள்துளை போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

எடையைக் கட்டிவைத்து நீளத்தை மட்டும் மாற்றிப் பார்த்த சோதனை 19 ஆம் நூற்றாண்டிலேயே நடந்துவிட்டது. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைஃபிள், நம்மூரில் 1857 எழுச்சியின் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பெயர்பெற்ற அதே துப்பாக்கி, .577 அங்குலக் குழலில் 530 கிரெய்ன் குண்டைச் சுட்டது. அதன் முறுக்கு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குழலின் முழு நீளத்திலும் அரைச் சுற்றுதான். பொறியாளர் ஜோசப் விட்வொர்த் அதே 530 கிரெய்ன் எடையை .451 அங்குலமுள்ள அறுகோணக் குழலுக்குள் நீளமாக்கி அடைத்தார். முறுக்கை 20 அங்குலமாக இறுக்கினார். 1857 இல் அரசு நடத்திய சோதனைகளில் தூர இலக்குகளில் விட்வொர்த்தின் துப்பாக்கி என்ஃபீல்டைப் பெரிய இடைவெளியில் வென்றது. ஆனாலும் சிறிய துளையில் கரி அடைத்துக்கொள்ளும், விலை அதிகம் என்று ராணுவம் அதை ஒதுக்கியது. நமக்கு வேண்டிய செய்தி வேறு. எடை அதேதான், நீளம் மாறியது, முறுக்கு ஏறக்குறைய நான்கில் ஒன்றாக இறுகியது. எடையைப் பார்த்து முறுக்கைச் சொல்பவர்களுக்கு இந்த ஒரு ஜோடியே பதில்.

இதைச் சூத்திரமாக்கியவர் உல்விச்சில் பீரங்கிப் படை அதிகாரிகளுக்குக் கணிதம் கற்பித்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் கிரீன்ஹில். 1879 இல் அவர் தந்த எளிய கணக்கை இன்றும் பலர் காகிதத்தில் போடுகிறார்கள்: குண்டின் விட்டத்தை இருமடிப் பெருக்கம் செய்து, 150 ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், வேண்டிய முறுக்கு அங்குலத்தில் வரும். ஈயக் கருவும் மெல்லிய செம்பு உறையும் கொண்ட குண்டின் அடர்த்தியை இது மனத்தில் கொண்டிருக்கிறது. வேறு உலோகமென்றால் அடர்த்திக்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். சூத்திரத்தில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அமெரிக்க வேதியியலர் டான் மில்லர் 2005 இல் வெளியிட்ட விதி இதைவிடக் கூர்மையானது. அதில் எடையும் உண்டு. ஆனால் அது இருக்கும் இடம்தான் சுவாரசியம். விட்டத்தையும் முறுக்கையும் மாற்றாமல் வைத்தால், குண்டின் நிலைப்பு எண் எடைக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. நீளத்தின் ஏறத்தாழ மும்மடிக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது. ஆக எடை நிலைப்புக்குப் பகையே அல்ல, துணை. ஒரே உலோகத்தில் ஒரே விட்டத்தில் எடையைக் கூட்டினால் நீளமும் கூடியே தீரும், நீளத்தின் கேடு எடையின் நன்மையை விழுங்கிவிடும். அதனால்தான் கனமான குண்டு முறுக்கைக் கேட்பதுபோலத் தோன்றுகிறது. கடை விதி பிறந்த இடம் இதுவே.

மில்லரின் எண் 1க்குக் கீழே போனால் குண்டு புரளும். 1க்கும் 1.5க்கும் நடுவே குண்டு நிற்கும், ஆனால் லேசாகத் தலையாட்டிக்கொண்டே போகும். அந்த அசைவால் காற்றின் எதிர்ப்பு கூடி, குண்டு தன் முழுத் திறனைக் காட்டாது என்பதைக் குண்டுப் பறப்பியல் ஆய்வாளர் பிரையன் லிட்ஸின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. 1.5ஐ எட்டினால் கவலையில்லை. ஈயக் குண்டுக் காலத்தில் வேட்டைத் துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த எல்லைக்குள் தாமாகவே அமைந்தன. விதிவிலக்காக ஒன்று அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. 1955 இல் 6 மி.மீ. விட்டத்தில் இரண்டு தோட்டாக்கள் ஒரே ஆண்டில் வந்தன. வின்செஸ்டரின் .243, 10 அங்குல முறுக்கோடும் மானுக்கென்று 100 கிரெய்ன் குண்டோடும் வந்தது. ரெமிங்டனின் .244, வளைதோண்டும் சிறு பிராணிகளை எட்டத்திலிருந்து சுடுபவர்களை எண்ணி 12 அங்குல முறுக்கோடு வந்தது. ஓர் அங்குல நீளமும் 100 கிரெய்ன் எடையும் உள்ள குண்டு விநாடிக்கு 3,000 அடி வேகத்தில் புறப்படுவதாக வைத்து மில்லர் கணக்கைப் போட்டால் 12 அங்குல முறுக்கில் எண் 1.19, 10 அங்குலத்தில் 1.71. தோட்டாவாகப் பார்த்தால் .244 எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல. உறையில் கொஞ்சம் கூடுதலாகவே மருந்து கொள்ளும். ஆனால் ஒரே துப்பாக்கியில் சிறு பிராணியையும் மானையும் சுட விரும்பிய அமெரிக்கர்கள் வின்செஸ்டர் பக்கம் போனார்கள். ரெமிங்டன் 9 அங்குல முறுக்குக்கு மாறி, 1963 இல் தோட்டாவுக்கே 6 மி.மீ. ரெமிங்டன் என்று புதுப் பெயர் சூட்டியும் இழந்த சந்தை திரும்பவில்லை. ரெமிங்டன் துப்பாக்கியின் எளிய தோற்றமும் ஒரு காரணம் என்பார்கள், இருக்கலாம். ஆனால் 100 கிரெய்ன் குண்டிலேயே குட்டையான, மழுங்கிய மூக்குள்ளவற்றை அதே 12 அங்குலக் குழலில் நன்றாகச் சுட்டவர்களும் இருந்தார்கள். அங்கும் பிரச்சினை எடை அல்ல.

நிழலும் பொருளும் முழுதாகப் பிரிந்தது செம்புக் குண்டு வந்த பிறகுதான். 1980களின் இறுதியில் ராண்டி புரூக்ஸின் பார்ன்ஸ் நிறுவனம் முழுக்கச் செம்பாலான, மூக்கில் குழியுள்ள, இதழ்களாக விரியும் வேட்டைக் குண்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அப்போது அது ஒரு விருப்பத் தேர்வு. பின்னர் சட்டமாயிற்று. வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் இறைச்சிக் கழிவில் சிதறிக்கிடக்கும் ஈயத் துகள்கள் கலிஃபோர்னியக் காண்டர் கழுகுகளைக் கொல்கின்றன என்பது உறுதியானதால், கலிஃபோர்னியா 2013 இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்தது. டென்மார்க் 2024 ஏப்ரலில் ரைஃபிள் குண்டுகளுக்கும் அதே தடையைக் கொண்டுவந்தது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பின் அடர்த்தி 9ஐ எட்டவில்லை. அதே விட்டத்தில் அதே எடை வேண்டுமென்றால் நீளம் கூடித்தான் ஆக வேண்டும். .30 விட்டத்தில் 180 கிரெய்ன் ஈயக் கருக் குண்டு 1.25 அங்குலம் என்றால், அதே எடையுள்ள செம்புக் குண்டு ஏறத்தாழ 1.42 அங்குலம் வரும். விநாடிக்கு 2,700 அடி வேகத்தில் இரண்டுக்கும் மில்லர் கணக்கைப் போடுவோம். பல .308 வின்செஸ்டர் துப்பாக்கிகளில் காணப்படும் 12 அங்குல முறுக்கில் ஈயக் குண்டின் எண் 1.70; நிம்மதியான இடம். செம்புக் குண்டின் எண் 1.17. முறுக்கை 10 அங்குலமாக இறுக்கினால் செம்பு 1.69க்கு ஏறிவிடுகிறது. அதாவது செம்புக்கு 10 அங்குலம், ஈயத்துக்கு 12 அங்குலம் என்ன செய்ததோ அதைத்தான் செய்கிறது. கிரீன்ஹில் இன்னும் எச்சரிக்கையானவர். அடர்த்தித் திருத்தத்தோடு போட்டால் அவர் இந்தச் செம்புக் குண்டுக்கு 9 அங்குலம் கேட்கிறார். எடை விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் இரண்டு பெட்டியிலும் 180 என்று பார்த்து, ஒரே குழலில் இரண்டும் ஒன்றுபோலப் போகும் என்று நம்பி ஏமாறுவார். இன்னும் வேடிக்கை: 1.35 அங்குல நீளமுள்ள பழைய பாணி 220 கிரெய்ன் மழுங்கு மூக்குக் குண்டு, விநாடிக்கு 2,400 அடியில், அதே 12 அங்குல முறுக்கில் 1.6 பெறுகிறது. 40 கிரெய்ன் கனமானது எளிதாக நிற்கிறது, லேசானது தடுமாறுகிறது.

கூர்மூக்குக் குண்டுகளின் பிளாஸ்டிக் முனை இந்தக் கணக்கில் ஒரு சிக்கலைச் சேர்த்தது. முனை நீளத்தைக் கூட்டும். எடையில் அதற்குப் பங்கு மிகக் குறைவு. அதையும் முழு நீளமாக எண்ணினால் மில்லர் விதி குண்டைத் தேவைக்கு மேல் சந்தேகிக்கும். மைக்கேல் கோர்ட்னியும் மில்லரும் சேர்ந்து 2012 இல் இதற்கென்று ஒரு திருத்தத்தை வெளியிட்டார்கள். ஆகவே முனையுள்ள குண்டுக்குப் பழைய கணக்கில் 1.4 வந்தாலே பயப்பட வேண்டியதில்லை.

அடுத்து காற்று. நிலைப்பைக் குலைப்பது காற்றின் அடர்த்தி. குளிரில் அடர்த்தி கூடும், மலையேறினால் குறையும். மேலே 1.17 என்று கண்ட செம்புக் குண்டையே எடுத்துக்கொள்வோம். அந்த எண் கடல் மட்டத்தில் 15 பாகை செல்சியஸுக்கு உரியது. கொலராடோ மலையில் 3,000 மீட்டர் உயரத்தில், நீர் உறையும் குளிரில்கூட, அதே குழலில் அதன் எண் 1.6. அலாஸ்காவின் கடற்கரையில் சுழிக்குக் கீழ் 20 பாகையில் 1.03. எல்க் மானை மலையில் அடித்து வெற்றி கண்டவர், அதே துப்பாக்கியோடும் அதே பெட்டியோடும் வடக்கே கரிபூ தேடிப் போனால், புரளும் விளிம்பில் நிற்கும் குண்டைச் சுடுகிறார். இது வெறும் காகிதக் கணக்கு என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க ராணுவத்தின் எம்16 முதலில் 14 அங்குல முறுக்கோடுதான் வந்தது. 55 கிரெய்ன் குண்டுக்கு அது சாதாரண வானிலையிலேயே எண்ணை 1ஐ ஒட்டி வைத்திருந்தது. கடுங்குளிர்ச் சோதனைகளில் குறி சிதறியதால் 1963 இல் முறுக்கு 12 அங்குலமாக இறுக்கப்பட்டது. பின்னர் 1980களில் எம்16ஏ2 வந்தபோது அது 7 அங்குலமானது. அதற்குக் காரணம் புதிய 62 கிரெய்ன் குண்டு அல்ல. அதோடு சேர்ந்து சுட வேண்டியிருந்த, வால் நீண்ட ஒளிகாட்டிக் குண்டு. ராணுவத்தைக் கட்டிப்போட்டதும் நீளம்தான்.

கூடுதல் மருந்திட்டு வேகத்தைக் கூட்டினால் சுழற்சியும் கூடுமே, முறுக்கை ஏன் மாற்ற வேண்டும் என்பது முதல் எதிர்வாதம். சுழற்சி கூடும்; புரட்டும் காற்றின் விசையும் கூடவே கூடும். நிகரமாக, நிலைப்பு வேகத்தின் மும்மடி மூலத்துக்கு ஏற்பத்தான் உயர்கிறது. வேகத்தை இரு மடங்காக்கினாலும் கிடைப்பது 26 சதவீதம். முறுக்கை 12இலிருந்து 10க்கு இறுக்கினால் 44 சதவீதம். மருந்தில் தேடுவது வீண் வேலை.

இரண்டாவது எதிர்வாதம்தான் பழையதும் பிடிவாதமானதும்: அளவுக்கு மீறி இறுக்கினால் குண்டு மூக்கைத் தூக்கிய வாக்கிலேயே பறக்கும், பாதையோடு தலைகுனியாது, துல்லியமும் போகும். வானை நோக்கிச் சுடும் பீரங்கிக் குண்டுக்கு இது உண்மை. உச்சியில் அதன் பாதை திடீரென வளைகிறது. 300 கெஜத்துக்குச் சுடும் வேட்டைக் குண்டின் பாதை புறப்பாட்டிலிருந்து இலக்குவரை வளைவது ஏறத்தாழ கால் பாகை. பின்பற்ற முடியாமல் போவதற்கு அங்கே வளைவே இல்லை. சுழற்சியால் பக்கவாட்டில் ஒதுங்குவதும் அந்தத் தூரத்தில் ஓர் அங்குலத்தைத் தொடாது. எல்லாவற்றையும்விட வலுவான பதில் வரலாற்றில் இருக்கிறது. .30-06 குழலின் 10 அங்குல முறுக்கு 220 கிரெய்ன் மழுங்கு மூக்குக் குண்டுக் காலத்திலிருந்து வந்தது. 1906 இல் ராணுவம் 150 கிரெய்ன் கூர்மூக்குக்கு மாறியபோது முறுக்கைத் தளர்த்தவில்லை. அன்று முதல் நூறாண்டுக்கு மேலாக அந்தக் குழல்களில் 110 முதல் 220 கிரெய்ன்வரை எல்லாமே சுடப்பட்டிருக்கிறது. ஸ்வீடனும் நார்வேயும் 1894 இல் ஏற்ற 6.5×55 தோட்டாவின் முறுக்கு 200 மி.மீ., 8 அங்குலத்துக்கும் குறைவு. 156 கிரெய்ன் நீளக் குண்டுக்காக வைத்த அந்த முறுக்கிலேயே 120, 140 கிரெய்ன் குண்டுகளையும் சுட்டு வேட்டையாடிவருகிறார்கள். துல்லியத்துக்குப் பெயர்போன தோட்டா அது. 2007 இல் வந்த 6.5 கிரீட்மூர் 8 அங்குல முறுக்கோடு பிறந்து, பத்தாண்டுக்குள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தது. இறுக்கமான முறுக்கு லேசான குண்டைக் கெடுக்கும் என்றால் இந்த மூன்றும் தோற்றிருக்க வேண்டும்.

இதே எதிர்வாதத்தின் நேர்மையான வடிவம் ஒன்றும் உண்டு. அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். மேசையில் துப்பாக்கியை வைத்துத் துளைமேல் துளை போடும் போட்டியாளர்கள், 6 பிபிசி தோட்டாவில் 68 கிரெய்ன் குட்டைக் குண்டுகளை 13.5 அல்லது 14 அங்குல முறுக்கில் சுடுகிறார்கள். நிற்கப் போதுமான சுழற்சிக்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை. காரணம் சரியானது: எந்தக் குண்டின் எடை மையமும் அச்சின்மேல் மிகச் சரியாக இருப்பதில்லை, குழலை விட்டதும் அந்தப் பிசகு குண்டைப் பக்கவாட்டில் எறிகிறது, முறுக்கு இறுக இறுக எறிதலும் கூடும். எவ்வளவு என்று பார்ப்போம். பிசகு அங்குலத்தில் பத்தாயிரத்தில் 2 பங்கு என்றால், 100 கெஜத்தில் 12 அங்குல முறுக்கு ஏறத்தாழ 0.38 அங்குலம் எறியும், 8 அங்குல முறுக்கு 0.57 அங்குலம். வித்தியாசம் ஓர் அங்குலத்தின் ஐந்தில் ஒரு பங்கு. மேசைப் போட்டியில் அது தோல்வி. மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை 8 அங்குல வட்டம். அங்கே அது கணக்கிலேயே வராது. இறுக்கமான முறுக்கு அழுத்தத்தை ஏற்றி வேகத்தைத் தின்னும் என்ற அச்சமும் இப்படித்தான். குண்டின் மொத்த ஆற்றலில் சுழற்சிக்குப் போவது அரை சதவீதத்தைக்கூடத் தாண்டாது.

ஆனால் ஓரிடத்தில் எதிர்த் தரப்பு முழுக்கச் சரி. .22-250 போன்ற தோட்டாவில் மெல்லிய உறையுள்ள 50 கிரெய்ன் குண்டை விநாடிக்கு 3,800 அடியில் சுடும்போது, அந்தத் தோட்டாவின் மரபான 14 அங்குல முறுக்கில் அது நிமிடத்துக்கு 1,95,000 சுற்றுச் சுழல்கிறது. 8 அங்குல முறுக்கில் 3,42,000. உறையைக் கிழிக்கும் விசை சுழற்சியின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால் அது மூன்று மடங்காகிறது. சிறு பிராணியின் உடம்பில் பட்டதும் உடைய வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்த குண்டு, வழியிலேயே சாம்பல் கோடாகிக் காணாமல் போகலாம். அத்தகைய வேட்டையே தொழிலாக உள்ளவர் தளர்ந்த முறுக்கோடு இருப்பதே நல்லது. உறையில்லாத வார்ப்பு ஈயக் குண்டு சுடுபவர்களுக்கும் அப்படியே. மான் வேட்டைக் குண்டின் உறை தடித்தது, செம்புக் குண்டுக்கு உறையே கிடையாது. ஆகவே இந்த ஆபத்தை அங்கே கொண்டுபோய்ப் பொருத்தக் கூடாது.

உடம்புக்குள் நடப்பது பற்றி இரு தரப்பிலும் மிகைப்பேச்சு உண்டு. தளர்ந்த முறுக்கில் குண்டு தள்ளாடிக்கொண்டே போய்ப் பெருங்காயம் செய்யும் என்பது எம்16 காலத்து வதந்தி. சதை காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அதற்குள் ஒரு நீளக் குண்டைச் சுழற்சியால் மட்டும் நேராக நிறுத்த எந்தக் குழலாலும் முடியாது, 7 அங்குலமானாலும் 14 ஆனாலும். அதேபோல, இறுக்கமான முறுக்குத்தான் செம்புக் குண்டை விரியச் செய்கிறது என்பதும் மிகை. விரிவை முதலில் தீர்மானிப்பது மோதும் வேகம். முறுக்கு செய்யக்கூடியது இவ்வளவே: குண்டு சாயாமல் மூக்கு முன்னே வந்து தோலைத் தொடும்படி பார்த்துக்கொள்வது. மூக்கில் குழியுள்ள செம்புக் குண்டுக்கு இது சிறிய விஷயமல்ல. சாய்ந்து மோதினால் குழி திறக்காமல் போகலாம், காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடிவிடும்.

முறுக்கை மாற்றச் சொல்வது குழலை மாற்றச் சொல்வதுதான். அதைவிடக் குண்டின் எடையைக் குறைத்துவிடலாமே என்பது கடைசி எதிர்வாதம். இதுவே எனக்குப் பெரிதும் நியாயமாகப் படுகிறது. ஈயக் குண்டு சதைக்குள் போகும்போது எடையின் கணிசமான பகுதியைச் சிதறவிடும். செம்பு அநேகமாக முழு எடையோடு வெளியேறும். எனவே 180 ஈயம் சுட்டவர் 150 செம்புக்கு இறங்கினால் ஊடுருவலில் இழப்பு ஒன்றுமில்லை. 150 கிரெய்ன் செம்புக் குண்டு ஏறத்தாழ 1.25 அங்குலம், பழைய 180 ஈயக் குண்டின் நீளமேதான். 12 அங்குல முறுக்கில் விநாடிக்கு 2,900 அடி வேகத்தில் அதன் எண் 1.45. நீளம் ஒன்றாயிருந்தும் எடை குறைந்ததால் 1.70 இப்படி இறங்கியது என்பதையும் பாருங்கள். இலையுதிர்கால மான் வேட்டைக்கு இது போதும். அலாஸ்காக் குளிரில் 1.27 ஆகிவிடும், புரளாது, ஆனால் முழுத் திறன் கிடைக்காது. ஏற்கெனவே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு நான் சொல்லக்கூடியதும் இதுதான்: குழலை மாற்றாதீர்கள், குண்டை மாற்றுங்கள்.

ஆனால் புதிதாக வாங்குகிறவர் ஏன் அந்த நெருக்கடிக்குள் போக வேண்டும்? .270 வின்செஸ்டர் 1925 இல் 130 கிரெய்ன் குண்டுக்கென்று 10 அங்குல முறுக்கோடு வந்தது. நூறாண்டாகியும் பெரும்பாலான தொழிற்சாலைகள் அதையே வெட்டுகின்றன. அந்த விட்டத்தில் நீண்ட குண்டுகள் நெடுங்காலம் வராமல் போனதற்கு அந்த முறுக்கே காரணம். 2020 இல் வந்த 27 நாஸ்லர் 8.5 அங்குலத்துக்கு இறுகிய பிறகே அதே விட்டத்தில் 165 கிரெய்ன் குண்டுக்கு வழி பிறந்தது. தோட்டாவின் பெயரைச் சொல்லி வாங்குவது, முறுக்கை அந்தத் தோட்டா பிறந்த ஆண்டுக்கு விட்டுவிடுவதாகும். பழைய துப்பாக்கி வாங்குபவர் பெயரையும் நம்ப வேண்டாம்: சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றிக் குழலுக்குள் விட்டு, கம்பியில் ஒரு புள்ளி வைத்து, அது ஒரு முழுச்சுற்று வரும்வரை இழுத்து அளந்தால் உண்மை முறுக்கு தெரிந்துவிடும். கம்பியின் கைப்பிடி தாராளமாகச் சுழல வேண்டும், அவ்வளவுதான்.

சுடப்போகும் குண்டுகளில் மிக நீளமானதை எடுங்கள், போகப்போகும் இடங்களில் மிகக் குளிரானதையும் தாழ்வானதையும் எடுங்கள், அங்கே எண் 1.5ஐ விட்டு இறங்காத குழலைக் கேளுங்கள். அப்படிப் போட்ட கணக்கில், மானும் அதைவிடப் பெரிய விலங்கும் தேடுபவருக்கு 6 மி.மீ., 6.5 மி.மீ., .270 ஆகிய மூன்றுக்கும் 8 அங்குலத்தை ஒட்டிய முறுக்கு, 7 மி.மீ.க்கு 8.5 முதல் 9, .30க்கு 10 என்பதே என் முடிவு. .30 விட்டத்தில் செம்பு மட்டுமே சுடுவேன், 180க்குக் கீழே இறங்க மாட்டேன், குளிர்நாட்டுக்கும் போவேன் என்பவர் 9 கேட்டாலும் தவறில்லை.